வெட்டி எடுத்த பிறகும் திரும்பி வரும் கல்லீரல் புற்றுநோய்: 26 நாடுகளில் நடந்த சோதனையின் கதை

"டாக்டர், இது மறுபடியும் வருமா?"

கல்லீரலில் வந்த புற்றுநோய்க் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டு, தையல் பிரித்து, வீட்டுக்குக் கிளம்பும் நோயாளி கேட்கிற கேள்வி இது. அவர் கேட்கத் தயங்கினால் பக்கத்தில் நிற்கும் மனைவி கேட்பார்.

"வராது" என்று சொல்ல டாக்டருக்கு ஆசைதான். ஆனால் சொல்ல முடிவதில்லை. காரணம், கல்லீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100-க்கு 70 பேர் வரை, 5 ஆண்டுகளுக்குள் மறுபடியும் கட்டி வந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறார்கள்.

அப்படித் திரும்ப வராமல் தடுக்க ஒரு மருந்து உண்டா என்று கண்டுபிடிக்க, 26 நாடுகளில் 668 நோயாளிகள் ஒரு சோதனையில் சேர்ந்தார்கள். 2023-ம் ஆண்டு "மருந்து கிடைத்துவிட்டது" என்று டாக்டர்கள் மகிழ்ந்தார்கள். 2024-ம் ஆண்டு அந்த மகிழ்ச்சி கலைந்தது. இடையில் நடந்தது என்ன?

ஏன் திரும்ப வருகிறது?

நம் உடம்பில் கல்லீரல் ஓர் அதிசய உறுப்பு. நல்ல ஈரலாக இருந்தால், மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் மிச்சம் இருப்பது சில மாதங்களில் வளர்ந்து ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். வேறு எந்தப் பெரிய உறுப்புக்கும் இந்தச் சக்தி கிடையாது.

ஆனால் கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் நல்ல ஈரலில் வருவதில்லை. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்ற மஞ்சள் காமாலைக் கிருமிகள் பல ஆண்டுகளாகக் குடியிருந்த ஈரல்; குடியால் கெட்ட ஈரல்; சர்க்கரை நோயும் பருமனும் சேர்ந்து கொழுப்பு படிந்த ஈரல். இவற்றில்தான் வருகிறது. புண்பட்டு, ஆறி, மறுபடி புண்பட்டுத் தழும்பேறி ஈரல் இறுகிப்போகிறது. இதைத்தான் டாக்டர்கள் சிரோசிஸ் என்கிறார்கள்.

வயலில் களை எடுப்பதைப் போலத்தான் இதுவும். கண்ணில் பட்ட களையைப் பிடுங்கிவிட்டோம். ஆனால் பக்கத்தில் விதை சிந்தியிருந்தால்? கட்டியில் இருந்து பிரிந்த, ஸ்கேனுக்குத் தெரியாத சில புற்றணுக்கள் ஈரலில் தங்கிவிடுகின்றன. இவை பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்குள் தலைகாட்டும். அதற்குப் பிறகு வருவது வேறு ரகம். கெட்டுப்போன அதே நிலத்தில் புதிதாக முளைக்கும் புதுக் களை அது.

ஆகவே ஆபரேஷன் செய்த டாக்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அவர் கத்தியால் முடிகிற வேலை அல்ல இது.

டோக்கியோவில் முதல் முயற்சி

எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டு இந்த விதைகளை அழிக்கலாமா என்ற எண்ணம் புதியது அல்ல. 1992-ல் இருந்து 1995 வரை ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ஆபரேஷன் முடிந்த 150 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது.

பாதிப் பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். அதில் உள்ள வெள்ளை அணுக்களைப் பிரித்து, சோதனைக் கூடத்தில் ஊட்டம் கொடுத்து வளர்த்தார்கள். பெருகிய அணுக்களை அந்தந்த நோயாளிக்கே திரும்ப ஏற்றினார்கள். முதல் 6 மாதத்தில் 5 முறை. மற்றப் பாதிப் பேருக்கு எதுவும் கொடுக்கவில்லை.

2000-ம் ஆண்டு வெளியான முடிவு இது: அணு ஏற்றப்பட்டவர்களில் 100-க்கு 59 பேருக்கு நோய் திரும்ப வந்தது. ஏற்றாதவர்களில் 77 பேருக்கு வந்தது. வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆயுள் நீண்டதா என்று பார்த்தபோது, உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

தென்கொரியாவிலும் இதே பாணியில், ஆரம்ப நிலைக் கட்டி இருந்த 230 பேரை வைத்துச் சோதித்து 2015-ல் முடிவு சொன்னார்கள். அணு ஏற்றிக்கொண்டவர்களில் பாதிப் பேர் 44 மாதம் வரை நோய் திரும்பாமல் இருந்தார்கள். மற்றவர்களிடம் அது 30 மாதம். நல்ல பலன்தான். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக அணு வளர்க்க வேண்டும். அதை எத்தனை ஊரில், எத்தனை பேருக்குச் செய்ய முடியும்?

மாத்திரை தோற்றது

எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கக்கூடிய மாத்திரை இருந்தால்? சோராபெனிப் என்ற மாத்திரை, ஆபரேஷன் செய்ய முடியாத அளவு முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு ஏற்கெனவே பயன்பட்டு வந்தது. அதை ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1,114 பேர் கொண்ட பெரிய சோதனை. பாதிப் பேருக்கு உண்மை மாத்திரை, பாதிப் பேருக்கு அதே போல இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

2015-ல் விரிவான முடிவு வெளியானது. உண்மை மாத்திரை சாப்பிட்டவர்கள் நோய் இல்லாமல் இருந்தது 33.3 மாதம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் இருந்தது 33.7 மாதம்! கையிலும் காலிலும் தோல் உரிந்து, பேதியாகி அவதிப்பட்டதுதான் மிச்சம்.

வாட்ச்மேனும் போலி பாஸும்

இதற்கிடையில் ஜப்பானிலேயே இன்னொரு ஊரில் நடந்த ஆராய்ச்சி பலன் தரத் தொடங்கியிருந்தது. கியோட்டோ பல்கலைக்கழக விஞ்ஞானி தசுகு ஹோன்ஜோவும் அவர் குழுவினரும் 1992-ல், எதிர்ப்பு அணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் பி.டி.-1 என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். அது என்ன வேலை செய்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அது ஒரு பிரேக்! எதிர்ப்பு அணுக்கள் எல்லை மீறி நம் உடம்பையே தாக்கிவிடாதபடி அவற்றைத் தடுத்து நிறுத்துவது இதன் வேலை.

மில் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் நிற்கிறார். பாஸ் காட்டுகிறவரை உள்ளே விடுவார், காட்டாதவரைப் பிடித்துக்கொள்வார். திருடன் ஒருவன் அசல் போலவே ஒரு போலி பாஸ் அடித்துக்கொண்டு வந்தால்? வாட்ச்மேன் சலாம் போட்டு உள்ளே விட்டுவிடுவார். புற்றணுக்களில் பல இப்படித்தான் செய்கின்றன. பி.டி.எல்.-1 என்ற பாஸை நீட்டி, எதிர்ப்பு அணுவின் பிரேக்கை அழுத்திவிடுகின்றன.

அந்தப் போலி பாஸை மறைத்துவிடும் மருந்துதான் அடெசோலிசுமாப். மருந்தே புற்றுநோயைக் கொல்வது இல்லை. வாட்ச்மேன் கண்ணைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். இந்த வழியைத் திறந்துவிட்டதற்காக ஹோன்ஜோவுக்கும் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இத்துடன் பெவாசிசுமாப் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்தார்கள். கட்டி தனக்கென்று புது ரத்தக் குழாய் வளர்த்துக்கொள்வதை இது தடுக்கும். இந்த இரண்டையும் சேர்த்து, ஆபரேஷன் செய்ய முடியாத நிலையில் இருந்த 501 பேரிடம் சோதித்தபோது, ஓராண்டு முடிவில் 100-க்கு 67 பேர் உயிரோடு இருந்தார்கள். பழைய சோராபெனிப் மாத்திரை சாப்பிட்டவர்களில் 55 பேர் இருந்தார்கள். இந்த முடிவு 2020-ல் வெளியானது.

முற்றிய நோயிலேயே இவ்வளவு பலன் என்றால், கட்டியை எடுத்துவிட்டு, சிந்திய விதைகள் மட்டும் இருக்கும்போது கொடுத்தால் எப்படி இருக்கும்? டாக்டர்களுக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

668 பேர்

2019-ம் ஆண்டு டிசம்பர் கடைசியில் முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். 2021 நவம்பரில் 668-வது ஆள் சேர்ந்தார். கொரோனா உலகத்தையே முடக்கிப் போட்ட காலத்தில், 134 ஆஸ்பத்திரிகளில் இந்த வேலை நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிய நாட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோயின் மூலகாரணம் ஹெபடைடிஸ் பி கிருமி.

எல்லோருமே நோய் திரும்பும் அபாயம் அதிகம் உள்ளவர்கள். கட்டி பெரிதாக இருந்தவர்கள், பல கட்டிகள் இருந்தவர்கள், ரத்தக் குழாய்க்குள் நோய் புகுந்திருந்தவர்கள்.

334 பேருக்கு 3 வாரத்துக்கு ஒரு முறை, ஓராண்டு காலம், நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். மற்ற 334 பேருக்கு மருந்து இல்லை. குறித்த தேதிகளில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பு மட்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் கம்ப்யூட்டர் தீர்மானித்தது.

"பாதிப் பேருக்கு மருந்து கொடுக்காமல் விடுவது அநியாயம் அல்லவா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நோயாளியின் குடும்பத்தாரும் இதைத்தான் கேட்பார்கள். ஆனால் அந்த மருந்து இந்த நிலையில் நல்லதா கெட்டதா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனையே. எல்லோருக்கும் கொடுத்துவிட்டால், நோய் வராதவருக்கு மருந்தால் வரவில்லையா, தானாகவே வரவில்லையா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

வெற்றி முழக்கம்

2023 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆர்லண்டோ நகரில் நடந்த புற்றுநோய் ஆராய்ச்சி மாநாட்டில், சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் மையத்து டாக்டர் பியர்ஸ் சோ முதல் முடிவை வெளியிட்டார். மருந்து எடுத்தவர்களில் ஓராண்டு முடிவில் 100-க்கு 78 பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். எடுக்காதவர்களில் 65 பேர். நோய் திரும்புகிற அபாயம் 28 சதவீதம் குறைந்தது.

கல்லீரல் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கிற மருந்து ஒன்று இவ்வளவு பெரிய சோதனையில் ஜெயித்தது அதுவே முதல் தடவை. பல ஆண்டு ஏமாற்றத்துக்குப் பிறகு வந்த செய்தி. டாக்டர்கள் மகிழ்ந்ததில் தவறு இல்லை.

ஆனால் அன்றைக்கே சிலர் முகத்தைச் சுளித்தார்கள். நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த காலம் சராசரியாக ஒன்றரை ஆண்டுதான். அதில் மருந்து கொடுத்ததே ஓராண்டு. மருந்தை நிறுத்திய பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க நாள் போதவில்லை.

பக்க விளைவுகளும் குறைவு அல்ல. மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 41 பேருக்குக் கடுமையான கோளாறுகள் ஏற்பட்டன. கண்காணிப்பில் இருந்தவர்களில் 13 பேருக்குத்தான் அப்படி. ரத்தக் கொதிப்பு, சிறுநீரில் புரதம் போவது, ரத்தத்தில் தட்டணுக்கள் குறைவது ஆகியவை அதிகம் காணப்பட்டன. மருந்தின் காரணமாகவே 2 பேர் இறந்தார்கள். ஆபரேஷன் முடிந்து, நோய் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கலைந்த மகிழ்ச்சி

2024 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் ஐரோப்பியப் புற்றுநோய் டாக்டர்களின் மாநாடு. அதே 668 பேர். ஆனால் இப்போது தொடர்ந்து கவனித்த காலம் சுமார் 3 ஆண்டு.

மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேர் நோய் திரும்பாமல் இருந்தது சுமார் 33 மாதம். எடுக்காதவர்களில் சுமார் 36 மாதம்! 28 சதவீதம் என்று முழங்கிய லாபம், கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாத அளவுக்குக் கரைந்துவிட்டது. உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையிலும் மருந்துக் குழுவுக்கு எந்த லாபமும் இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று? மருந்து ஏறிக்கொண்டிருந்த ஓராண்டில் விதைகள் அடங்கிக் கிடந்தன, நிறுத்தியதும் முளைத்தன என்பது ஒரு கருத்து. மருந்து நோயைத் தடுக்கவில்லை, தள்ளிப் போட்டது.

இன்னொரு கருத்தும் உண்டு. எதிர்ப்பு அணு திருடனை அடையாளம் காண வேண்டுமானால், முதலில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கட்டியை முழுதாக வெட்டி எடுத்த பிறகு, பார்த்துப் பழக உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது? ஆகவே மருந்தை ஆபரேஷனுக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்கிறார்கள் இவர்கள்.

நியூயார்க் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியில் அப்படியும் செய்து பார்த்தார்கள். செமிப்லிமாப் என்ற இதே வகை மருந்தை ஆபரேஷனுக்கு முன் 2 தவணை கொடுத்தார்கள். பிறகு வெட்டி எடுத்த கட்டிகளைச் சோதித்தபோது, 20 பேரில் 4 பேரின் கட்டியில் பெரும் பகுதி செத்துப்போயிருந்தது. அதில் 3 பேரின் கட்டியில் உயிருள்ள புற்றணுவே இல்லை. 2022-ல் இந்த முடிவு வெளிவந்தது. ஆனால் 20 பேர் என்பது சின்னக் கணக்கு. அதை வைத்து ஆனந்தக் கூத்தாட முடியாது.

கீழாநெல்லி நினைவு

முதலில் பளபளத்து, பிறகு மங்கிய இந்தக் கதை நம்மவர்களுக்குப் புதிது அல்ல.

மஞ்சள் காமாலை என்றதும் நம் ஊரில் கீழாநெல்லியைத்தான் தேடுவார்கள். அதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.பி.தியாகராஜனும் அவர் குழுவினரும் முறைப்படி சோதித்தார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பாரூக் புளும்பெர்க் இதில் கைகோத்தார்.

1988-ல் லண்டன் லான்செட் பத்திரிகையில் முடிவு வந்தது. 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே சென்னையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் அதையே செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை. சென்னையிலும் சொல்லவில்லை, ஆர்லண்டோவிலும் சொல்லவில்லை. சிறிய எண்ணிக்கையும் குறுகிய காலமும் இப்படித்தான் ஆட்டம் காட்டும்.

மலிவான மாத்திரை

அப்படியானால் நோயாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? இல்லை.

ஹெபடைடிஸ் பி கிருமியால் புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்துகொண்ட 4,569 பேரின் விவரங்களைத் தைவான் நாட்டில் அலசிப் பார்த்தார்கள். கிருமியை அடக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 6 ஆண்டில் 100-க்கு சுமார் 46 பேருக்கு நோய் திரும்பியது. சாப்பிடாதவர்களில் சுமார் 55 பேருக்கு. 2012-ல் வெளியான இது குலுக்கல் போட்டு நடத்திய சோதனை அல்ல, பழைய ரிக்கார்டுகளைப் பார்த்த கணக்கு. ஆகவே கொஞ்சம் ஜாக்கிரதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் கிருமி உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையை எப்படியும் கொடுக்கத்தான் வேண்டும் என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை.

3 வாரத்துக்கு ஒரு முறை ஏற்றும் அந்த மருந்து, மாதச் சம்பளக்காரர் கைக்கு எட்டாத விலை. இந்தக் கிருமி மாத்திரையோ மலிவு. டெனோபோவிர் அவற்றில் ஒன்று. 2018 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், அதற்கென்று உள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் சோதனையும் மாத்திரையும் இலவசம். எந்த மாநிலத்தில் வேலை பார்த்தாலும் இதைக் கேட்டு வாங்கலாம்.

இந்தியாவில் ஹெபடைடிஸ் பி கிருமியோடு வாழ்பவர்கள் 2022 கணக்கின்படி 2 கோடியே 98 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் வந்தது 2011-ல்தான். ஆகவே இன்றைக்கு வேலைக்குப் போகும் வயதில் இருப்பவர்களில் பலர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். தைவானில் 1984-லேயே பிறந்த குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். பத்தே ஆண்டில், 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

ஸ்கேன் தேதி

ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு இப்போதைக்கு டாக்டர்கள் சொல்வது பழைய கண்காணிப்புதான். முதல் 2 ஆண்டுகள் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன், ஏ.எப்.பி. என்ற ரத்தச் சோதனை. பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் திரும்பி வந்த கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், மறுபடி வெட்டி எடுக்கலாம், ஊசி செருகிச் சூட்டினால் பொசுக்கலாம், சிலருக்கு மாற்று ஈரலே வைக்கலாம். 2 மாதம் தவறவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடக்கூடும்.

வெளிமாநிலத்தில் பிழைக்கும் நம்மவர்களுக்கு இதில்தான் சிக்கல். ஆபரேஷன் மும்பையில் நடக்கும். ஓய்வெடுக்க ஊருக்குப் போவார்கள். ஸ்கேன் தேதி வரும்போது திருவிழா இருக்கும், டிக்கெட் கிடைக்காது, உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறதே என்று தோன்றும். ஊரில் உள்ள டாக்டரிடம் காட்டலாம் என்றால் பழைய ஸ்கேன் படங்கள் மும்பை வீட்டுப் பரணில் கிடக்கும். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் புதுப் புள்ளி புள்ளியா, தழும்பா என்று சொல்ல முடியும்.

ஆஸ்பத்திரியில் இருந்து கிளம்பும்போதே டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் குறிப்பு, கட்டியைச் சோதித்த ரிப்போர்ட், ஸ்கேன் சி.டி. நான்கையும் கேட்டு வாங்கி ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது அந்தப் பையும் கூடவே ரயில் ஏறட்டும். ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் அந்த ஸ்கேனை எடுக்கலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேட்டு, ஒரு கடிதமும் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.